பிஸென் மண்பாண்டம்: மேற்பூச்சே இல்லாமல் நீர் எப்படி நிற்கிறது, அந்த விலை எதற்கு?

ஜப்பானின் ஒகயாமா போகும்போது ஒரு பகலை, மண்பாண்டத்துக்குப் பேர்போன பிஸெனுக்கு ஒதுக்கலாமா என்பது உங்கள் கேள்வியின் முதல் வரி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அடுத்த வரியில் இருக்கிறது: “கிளேஸ் என்னும் கண்ணாடி மேற்பூச்சு எதுவும் பூசாத பழுப்புநிறக் குடுவை, படத்தில் பார்த்தால் நம்மூர் மண்பானை மாதிரிதான் தெரிகிறது. அதில் நீர் ஊறிக் கசியாதா? அதற்கு ஏன் இவ்வளவு விலை? வாங்கினால் ஏமாறாமல் வாங்குவது எப்படி?” இந்த மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, சூளைக்குள். அதனால் பயண விவரத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கசிவு. நம்மூர்த் தண்ணீர்ப் பானை பொதுவாக 1000 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் களிமண் கெட்டிப்படும். ஆனால் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் திறந்தே இருக்கும். நீர் ஊறி வெளிப்பக்கம் ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. அந்தப் பானையின் பயனே அந்தக் கசிவுதான். பிஸென் பாண்டம் சுடப்படுவது ஏறத்தாழ 1200 முதல் 1250 டிகிரியில். அங்கே மண்ணில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை நிரப்புகின்றன. மேலே கண்ணாடிப் பூச்சு இல்லை, ஆனால் சுவருக்குள்ளேயே கண்ணாடி ஓடிவிட்டது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் பானையின் மந்தமான ஒலி வராது, உலோகத்தைத் தட்டியது போன்ற கணீர் ஒலி வரும். இது ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. முழுக்க முழுக்க நீர் புகாதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. சூளையில் சூடு குறைந்த மூலையில் இருந்த குடுவை முதல் சில தடவை லேசாக வியர்க்கலாம். அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

பிஸென் நகரம் ஒகயாமா மாநிலத்தின் தென்கிழக்கில் இருக்கிறது. பாண்டத் தொழில் அதன் இம்பே என்ற பகுதியில் குவிந்திருக்கிறது. இங்கே கிடைக்கும் ஹியோஸே என்னும் மண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அது மலையில் அல்ல, நெல்வயலுக்கு அடியில் இருக்கிறது. அறுவடை முடிந்த குளிர்காலத்தில் வயலின் மேல்மண்ணை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, சில மீட்டர் ஆழத்தில் படிந்திருக்கும் கருஞ்சாம்பல் நிற அடுக்கை வெட்டி எடுக்கிறார்கள். பிறகு மேல்மண்ணைத் திரும்பப் போட்டால்தான் அடுத்த பருவத்துக்கு வயல் ஆகும். வெட்டிய மண்ணை உடனே சக்கரத்தில் ஏற்ற மாட்டார்கள். மழையும் வெயிலும் உறைபனியும் படும்படி வெளியில் போட்டு, பிறகு கல், வேர் நீக்கி, கரைத்து, வடித்து, வேறு மண்ணோடு கலந்து, மூடி வைத்து ஊறவிடுவார்கள். இந்த ஊறல் ஆண்டுக்கணக்கில் போகும். முந்திய தலைமுறை சேர்த்து வைத்த மண்ணை இன்றைய தலைமுறை பயன்படுத்துவது அங்கே வழக்கமான செய்திதான்.

ஹியோஸே மிக நுண்ணிய மண். நன்றாக இழுபடும், இரும்பும் கரிமப் பொருளும் அதிகம். இந்த நல்ல குணங்களே அதன் தொல்லைகளும்கூட. ஈரத்திலிருந்து சுட்டு முடிவதற்குள் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கிவிடும், 12 செ.மீ. உயரத்தில் வனைந்த கிண்ணம் கைக்கு வரும்போது 10 செ.மீ. பக்கம்தான் நிற்கும். இவ்வளவு சுருங்கும் உடலின் மேல் கிளேஸ் சரியாக ஒட்டி நிற்காது, உரிந்துவிடும். ஆக, பூச்சு இல்லாமை வெறும் அழகியல் கொள்கை அல்ல. மண் போட்ட நிபந்தனை அது. ரசனை பின்னால் வந்து அதைக் கொண்டாடியது. இதே மண் சட்டென்று சூடேற்றினால் வெடிக்கும், 1250 டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் போனாலும் தொய்ந்துவிடும். எனவே சூளையை மெதுவாக ஏற்றி, மிக உயரப் போகாமல், நெடுநேரம் நிறுத்த வேண்டும். பீங்கான் ஒரு நாள் அளவில் அடையும் கெட்டித்தன்மையை இந்த மண் பல நாள் நெருப்பில் அடைகிறது. விலையின் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

சுடும் முறை இதுதான். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அறைகள் கொண்ட சூளையையோ, ஒரே நீள் குகை போன்ற பழைய வகைச் சூளையையோ நிரப்பவே பல நாள் ஆகும். ஏனென்றால் எந்தப் பாண்டம் எங்கே நிற்கிறது, எதற்குப் பின்னால் நிற்கிறது, எந்தப் பக்கம் நெருப்பைப் பார்க்கிறது என்பதுதான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கிறது. நிரப்பிய பின் வாயில் சிறு தீ மூட்டி முதல் ஓரிரு நாள் ஈரத்தை மட்டும் விரட்டுவார்கள். பிறகு நாளுக்கு நாள் ஏற்றம். எரிபொருள் செம்பைன் விறகு. பிசின் நிறைந்த விறகு, நீண்ட சுவாலை தரும். உச்சச் சூட்டில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை விறகு போட வேண்டும், இரவு பகல் பாராமல் முறைவைத்து ஆட்கள் நிற்பார்கள். முன்வாய் வேலை முடிந்ததும் ஒவ்வோர் அறைக்கும் பக்கத் துளை வழியாக மெல்லிய விறகுக் கீற்றுகளைச் செருகிச் சூட்டைச் சமப்படுத்துவார்கள். மொத்தம் 10 முதல் 14 நாள். கடைசியில் எல்லாத் துளைகளையும் மண்ணால் அடைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் தானாக ஆறவிடுவார்கள். பல பட்டறைகள் இதை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் செய்கின்றன. ஒரு சுடுதலுக்கு டன் கணக்கில் பைன் விறகு போகிறது. மேற்கு ஜப்பானின் செம்பைன் காடுகளைப் பைன் வாடல் நோய் அரித்துவிட்டதால் அந்த விறகின் செலவு கூடிக்கொண்டேதான் போகிறது.

கெடுவது எங்கே என்று தெரிந்தால் விலை இன்னும் புரியும். தொடக்கத்தில் அவசரப்பட்டால் மண்ணுக்குள் சிக்கிய நீராவி சுவரைப் பிளக்கும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் சட்டென அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் புள்ளியை மெதுவாகக் கடக்காவிட்டால் விரிசல். மண்ணில் உள்ள கரிமப் பொருள் எரிந்து வெளியேறுவதற்கு முன்பே மேற்பரப்பு கண்ணாடியாகி மூடிக்கொண்டால், உள்ளே அடைபட்ட வாயு கொப்புளமாக வீங்கும். இது பிஸெனில் மிகப் பழகிய குறை. கடையில் தட்டுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் சிறு மேடு சிக்கும், அதுதான். அடுக்கு சரிந்தால் பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தீவாய்க்கு அருகில் நின்றவை கோணும். பத்து நாள் எரித்த பின் கதவைத் திறக்கும்போதுதான் இவை எல்லாம் தெரியும், திருத்த வழி கிடையாது. விற்க முடியாதவற்றின் செலவையும் விற்க முடிந்தவையே சுமக்கின்றன.

இனி நிறங்கள். தூரிகை தொடாத இந்தப் பாண்டங்களில் நிறக்கோலங்கள் எல்லாம் சூளையில் நின்ற இடத்தால் வருபவை. தீவாய்க்கு எதிரே நின்ற பாண்டத்தின் தோளில் பறக்கும் பைன் சாம்பல் உட்கார்ந்து, சாம்பலின் சுண்ணமும் பொட்டாசியமும் மண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து உருகி மஞ்சள், சாம்பல் நிறப் புள்ளிகளாகும். இதற்கு கோமா, அதாவது எள் என்று பெயர். சாம்பல் மிகுந்தால் உருகி வழிந்து சொட்டுகளாக நிற்கும். தரையில், தணலும் சாம்பலும் மூடிய இடத்தில் நின்றவற்றுக்குக் காற்று கிடைக்காது. இரும்பு ஆக்சிஜனை இழந்து கருநீலம், சாம்பல், கறுப்பு என்று மாறும். இது சங்கிரி. இயற்கையாகச் சில இடங்களில்தான் இது கிடைக்கும் என்பதால், சுடுதலின் முடிவில் மரக்கரியைக் கொட்டி அதே சூழலை உண்டாக்குவதும் வழக்கமாகிவிட்டது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. தட்டின் மேல் வட்டமான மண்வில்லையையோ சிறு கிண்ணத்தையோ வைத்துச் சுட்டால் அது மறைத்த இடம் சாம்பல் படாமல் சிவந்த வட்டமாக நிற்கும்; பொத்தாமொச்சி என்பார்கள். ஆக்சிஜன் அறவே குறைந்த மூலையில் முழுப் பாண்டமும் நீலச்சாம்பலாக வருவது அஓபிஸென். அபூர்வம், விலையும் அப்படியே.

எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது ஹிதாசுகி. வெளிறிய பழுப்பு உடலின் மேல் செந்நிறக் கோடுகள் தாறுமாறாகச் சுற்றியிருக்கும். பாண்டத்துக்குள் பாண்டம் வைத்து அடுக்கும்போது ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கோல் சுற்றினார்கள். வைக்கோல் பட்ட இடம் சிவந்தது. அவ்வளவுதான் தோற்றுவாய். காரணம் இன்று நன்றாகத் தெரியும்: நெல் வைக்கோலில் பொட்டாசியம் அதிகம். அது பட்ட மேற்பரப்பு மட்டும் குறைந்த சூட்டிலேயே உருகுகிறது. அந்த உருகலில் அலுமினியம் ஆக்சைடுப் படிகங்கள் வளர்கின்றன. மெதுவாக ஆறும்போது அவற்றின் மேல் செந்நிற இரும்பு ஆக்சைடு, அதாவது ஹேமடைட், படிகிறது. ஜப்பானிய வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் பிஸென் மண்ணையும் வைக்கோலையும் சேர்த்துச் சுட்டு, ஆறும் வேகத்தை மாற்றி மாற்றி இதை விளக்கியிருக்கிறார்கள். வேகமாக ஆற்றினால் அந்தச் சிவப்பு வராது. இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும். ஹிதாசுகிக்குச் சாம்பலும் சுவாலையும் படக்கூடாது; பெரிய பாண்டத்துக்குள்ளோ மூடிய மண்பெட்டிக்குள்ளோ வைத்துத்தான் சுடுவார்கள். ஆகவே ஹிதாசுகியை மின்சூளையில் சுட்டார்கள் என்றால் அதில் தவறு ஒன்றுமில்லை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கோமாவை மின்சூளையில் சுட்டார்கள் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சாம்பல் பறந்து வந்ததல்ல, முன்கூட்டியே தூவப்பட்டது.

சாக்கே என்னும் அரிசி மதுவுக்கான ஒரு குடுவையைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். மெல்லச் சுழற்றுங்கள். விறகுச் சூளையில் நின்றதானால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு: ஒரு தோளில் சாம்பல் அடர்ந்திருக்கும், கழுத்தைச் சுற்றிப் போகப்போகக் குறையும், பின்புறத்தில் வெறும் செம்பழுப்பு மட்டும் நிற்கும். பக்கத்தில் வேறு பாண்டம் மறைத்திருந்தால் அதன் நிழல் வடிவம்கூடத் தெரியும். நாலு பக்கமும் ஒரே சீராக மஞ்சள் பொடி படிந்திருந்தால், தூவிச் சுட்டதாக இருக்கலாம் என்று கேளுங்கள். அடியைத் திருப்பினால் தாங்கு மண் வைத்த தடம், வனைந்தவரின் முத்திரை இரண்டும் தெரியும். வாயின் விளிம்பில் உதடு படும் இடத்தைத் தடவுங்கள். நல்ல குயவர் அங்கே மட்டும் சொரசொரப்பு இல்லாமல் வழித்திருப்பார். பிறகு மேசைமேல் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் கேட்டால் பெரும்பாலும் எந்தச் சூளை என்று மறைக்காமல் சொல்வார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய இணையதளப் படத்தை வைத்து இது விறகுச் சூளையில் சுட்டதா, எரிவாயுச் சூளையில் சுட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒரே பக்கம் காட்டும் படத்தில் தீர்மானிக்க வழியே இல்லை.

விலையில் இன்னொரு கூறு பெயர். இந்த ஊர்த் தொழில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில், அதற்கு முந்திய சூஏ வகைச் சாம்பல்நிறப் பாண்டத்திலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் செய்தவை சாடி, மிடா, உள்ளே வரிவரியாகக் கீறிய அரைப்புச் சட்டி. வீசி எறிந்தாலும் உடையாத பிஸென் சட்டி என்று சொலவடையே உண்டு. 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் இந்த முரட்டுத்தன்மையை விரும்பத் தொடங்கியதும் பூச்சாடி, நீர்ச்சாடி என்று மதிப்பு ஏறியது. எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) அரிதா என்ற ஊரின் வெண்பீங்கான் பரவி இதைப் பின்னுக்குத் தள்ளியது. மெய்ஜி காலத்தில் (1868–1912) வடிகால் குழாயும் செங்கல்லும் செய்து பிழைக்கும் நிலை. கனெஷிகே தோயோ (1896–1967) 16ஆம் நூற்றாண்டின் இறுதியான மொமொயாமா காலத்து மண்ணையும் சுடுமுறையையும் மீட்டு, 1956இல் தேசத்தின் ‘வாழும் பொக்கிஷம்’ என்ற தகுதி பெற்றார். அவருக்குப் பின் புஜிவாரா கெய், யமமோதோ தோஷூ, புஜிவாரா யூ, இசெஸாக்கி ஜுன் ஆகிய நால்வருக்கும் அதே தகுதி கிடைத்தது. இந்தப் பெயர்களும் இவர்கள் வழி வந்தவர்களின் பெயர்களும் உள்ள இடத்தில் நீங்கள் கொடுப்பது மண்ணுக்கும் விறகுக்குமான விலை மட்டுமல்ல. வனைந்தவரே மையெழுத்தில் பெயரிட்ட மரப்பெட்டியோடு வரும் பாண்டத்துக்குப் பெட்டியும் மதிப்பின் ஒரு பகுதி. பெட்டி தொலைந்தால் மறுவிற்பனையில் விலை சரியும். அன்றாடம் தேநீர் குடிக்க ஒரு குவளை என்றால் பெயரைப் பார்க்காதீர்கள். சில ஆயிரம் யென்னில் அருமையானவை கிடைக்கும். என் கருத்தில் அந்த விலைத்தட்டில்தான் பிஸென் தன் இயல்போடு இருக்கிறது.

கடைகளில் கேட்கப்போகும் சில பாராட்டுகளை நிறுத்துப் பாருங்கள். பீர் நுரை மென்மையாக வரும் என்பது நம்பத்தக்கது: சொரசொரப்பான நுண்மேடுகளில் வாயுக் குமிழ்கள் நிறையத் தொடங்கும், சிறியதாக எழும். பருமனான சுவர் சூட்டையும் குளிரையும் கொஞ்சம் தாங்கும் என்பதும் சரி. நீர் கெடாது, பூ வாடாது என்பது பழைய நம்பிக்கை. பூச்சாடி என்று வாங்கினால் அழகுக்காக வாங்குங்கள், நீரை வழக்கம்போல மாற்றுங்கள். நீரின் சுவையே மாறுகிறது என்பதை விற்பவரின் உற்சாகத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு பகல் போதுமா என்றால், போதும். ஒகயாமாவிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஆகோ பாதையில் ஏறத்தாழ 40 நிமிடம், இறங்க வேண்டிய நிலையம் இம்பே. வண்டிகள் மணிக்கு ஒன்று என்ற அளவில்தான் என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். நிலையக் கட்டடத்திலேயே பிஸென் பாண்டக் காட்சி விற்பனைக் கூடம் இருக்கிறது. பல குயவர்களின் வேலை விலைச்சீட்டோடு ஒரே இடத்தில் இருக்கும். முதலில் அங்கே கண்ணைப் பழக்கிவிட்டுத் தெருவில் இறங்குவது நல்லது. செங்கல் புகைபோக்கிகள் நிற்கும் பழைய தெருவில் அமாட்சு கோயிலைத் தவறவிடாதீர்கள்: காவல் சிங்கங்கள், ஓடு, மதில் எல்லாம் இதே மண். நிலையத்துக்குத் தெற்கே உள்ள சரிவில் 50 மீட்டருக்கு மேல் நீண்ட பழைய கூட்டுச் சூளையின் எச்சம் கிடக்கிறது. அதன் நீளத்தில் நடந்து பார்த்தால், ஒரு குடும்பம் தனியாக ஏன் அன்று சூளை எரிக்கவில்லை என்பது கேட்காமலே விளங்கும். அழகிய குயவர் கிராமம் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்; உலைகளுக்கான தீச்செங்கல் இந்த நகரத்தின் மற்றொரு பெருந்தொழில், ஆலைகள் கண்ணில் படும். நேரம் மிஞ்சினால் ஷிசுதானி பள்ளி. 1670இல் இகெதா மிட்சுமாசா என்ற ஆட்சியாளர் பொதுமக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1701இல் முடிந்த அதன் விரிவுரைக் கூடம் தேசியப் பொக்கிஷம், கூரை முழுவதும் பிஸென் ஓடு. பூச்சில்லாத மண் முந்நூறு ஆண்டு மழையை எப்படித் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று அந்தக் கூரைதான். அது இம்பேயிலிருந்து நடக்கும் தொலைவில் இல்லை. சான்யோ பாதையில் உள்ள யொஷினாகா நிலையத்திலிருந்து வாடகைக்காரில் போகலாம். பாண்டத் திருவிழா வழக்கமாக அக்டோபரின் மூன்றாவது வார இறுதியில். விலை குறையும், ஆனால் கூட்டத்தில் நிதானமாகத் திருப்பிப் பார்க்க முடியாது. பட்டறையில் நீங்களே வனைந்து பார்க்கலாம், ஆனால் அன்றே கையில் கிடைக்காது. அடுத்த சுடுதலுக்குப் பின் அஞ்சலில் வரும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியவை. அடிப்பகுதியை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் மேசையைக் கீறும். கழுவி, குடுவை அல்லது பூச்சாடியாக இருந்தால் நீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். தாளில் ஈரம் படர்ந்தால் பயப்பட வேண்டாம்; பாண்டத்தைக் குளிர்ந்த அரிசி கழுவிய நீரில் முழுவதும் அமிழ்த்தி, சிறு தீயில் மெதுவாகக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, அதே நீரில் ஆறவிட்டால் மாவுச்சத்து துளைகளை அடைக்கும். ஒரு தடவையில் நிற்காவிட்டால் இன்னொரு தடவை. சொட்டுச்சொட்டாக ஒழுகினால் அது விரிசல், இதற்கு அடங்காது. தட்டுகளை ஒவ்வொரு முறையும் உணவு வைக்கும் முன் நீரில் நனைத்துத் துடைத்தால் எண்ணெயும் குழம்பின் மணமும் ஏறாது, நிறமும் ஈரத்தில் ஆழமாகத் தெரியும். மஞ்சள் சேர்ந்த குழம்புக்கு வெளிறிய ஹிதாசுகித் தட்டைத் தவிருங்கள், கறை நிற்கும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. குளிர்ந்த குவளையில் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் வேண்டாம். கழுவியதும் நம்மூர் ஈரக்காற்றில் ஒரு நாளாவது திறந்து உலரவிட்டு, பிறகுதான் பெட்டியில் வையுங்கள். பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் ஈரத்தோடு மூடியதால்தான். பிடித்துவிட்டால் மேலே சொன்னபடியே வெறும் நீரில் மெதுவாகக் காய்ச்சி எடுத்து, வெயிலில் காயவைத்தால் மணம் போய்விடும்.